பச்சை எரிந்தால் வெகுமதி

ஜெசிந்தா அந்த வலைப்பதிவுத் தளத்தில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. எழுதுகிறவரின் உணர்ச்சி உண்மை என்று கையிலிருக்கும் வாட்ச் பச்சை காட்டினால்தான் அங்கே வெகுமதி. மீன்குழம்புக்கும் மாடித்தோட்டத்துக்கும் பச்சை எரியவில்லை. மகள் ரெனிட்டாவின் காய்ச்சலைப் பற்றிப் பயந்துபோய் எழுதியதற்கு எரிந்தது. வாக்குகளும் வெகுமதியும் குவிந்தன. "பாப்பாவுக்கு இப்போ எப்படி இருக்கு?" என்று வாசகர்கள் தினமும் கேட்டார்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டது. அதன் பிறகு ஒரு பதிவுக்கும் பச்சை எரியவில்லை.

இன்று பள்ளியிலிருந்து வந்த மகளிடம் ஜெசிந்தா டம்ளரை நீட்டினாள். ரெனிட்டா வாங்கவில்லை.

"ஐஸ் தண்ணி குடிச்சா திரும்பக் காய்ச்சல் வரும்னு நீதானேம்மா சொன்னே?"

ஃப்ரிட்ஜை எப்போது திறந்தோம் என்று ஜெசிந்தாவுக்கு நினைவில்லை.

வாட்ச் பச்சையாக எரிந்தது. 'பயம் உண்மை. எழுதத் தொடங்கலாம்.'