முதல் வகுப்பு வேண்டாமுங்க

“ஏனுங்க அம்மணி, அந்தாளுக்கு மட்டும் முதல் வகுப்பு குடுத்துப்போடாதீங்க!”

தம்பிதுரை சொன்னதைக் கேட்டு லோகப்பிரியாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. விடியற்காலையிலிருந்து கோவை விமான நிலையத்தில் செக்-இன் கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் மரத்துப் போயிருந்தது. இந்த ஒரு விமானத்தை அனுப்பிவிட்டால் வீட்டுக்குப் போய் விழலாம். அதற்குள் இந்த வம்பு.

விஷயம் சின்னதுதான். இங்கிருந்து கிளம்பும் விமானத்தில் முதல் வகுப்பே கிடையாது. வளைகுடாவில் இறங்கி ஜெர்மனிக்கு மாறி ஏறும் பெரிய விமானத்தில்தான் உண்டு. அதில் பிசினஸ் வகுப்பில் இருக்கிற இடத்தைவிட ஒரு டிக்கெட் கூடுதலாக விற்றுத் தொலைத்திருந்தார்கள். முதல் வகுப்பிலோ ஒரு சீட் விலை போகாமல் கிடந்தது. பிசினஸ் பயணி ஒருவரை மேலே ஏற்றிவிட்டால் தீர்ந்தது.

யாரை ஏற்றுவது என்று கம்ப்யூட்டரே வரிசை போட்டுக் கொடுத்துவிடும். அடிக்கடி பறக்கிறவர், முழுக் கட்டணம் கொடுத்தவர், தனியாக வருகிறவர் என்று அதற்கு ஒரு கணக்கு. கேட்டால் கிடைக்காது. ஆனாலும் கேட்காத ஆளில்லை. தேனிலவு என்பார்கள், முதுகுவலி என்பார்கள், மந்திரிக்கு மச்சினன் என்பார்கள். சிரித்துச் சிரித்து ‘இல்லைங்க’ சொல்லியே அவளுக்குத் தாடை வலித்தது.

இன்றைக்கு வரிசையில் முதல் பெயர் தம்பிதுரை. உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னை நார் ஏற்றுமதி செய்கிறவர். முதல் ஆளாக வந்து நின்றவரிடம் நல்ல செய்தி சொல்கிறோம் என்று அவளும் சந்தோஷமாகத்தான் சொன்னாள். மனுஷன் தேள் கொட்டினதுபோலப் பதறினார்.

“வேண்டாமுங்க. எனக்கு பிசினஸே போதுமுங்க.”

“சார், நீங்க ஒண்ணும் கட்ட வேண்டாங்க. நல்லாப் படுத்துத் தூங்கிட்டே போலாம்.”

“தூங்கறதுக்கா கண்ணு நான் போறேன்? வேண்டாமுங்க.”

சரி, வேண்டாதவரை என்ன செய்வது? “அப்ப உங்க பக்கத்து சீட்டு நல்லசிவம் சாருக்குத்தான் போகுதுங்க” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அந்த நல்லசிவமும் உடுமலைக்காரர், அவருக்கும் அதே நார் வியாபாரம், அதே ஜெர்மனி கண்காட்சிக்குத்தான் பயணம். பெயரைக் கேட்டதும்தான் தம்பிதுரை கவுண்டர் மேல் சாய்ந்து, அந்தாளுக்குக் கொடுக்காதே என்று குசுகுசுத்தார்.

அதோடு விட்டாரா? “நான் பக்கத்துல ஒக்கார்றேன்னும் அந்தாளுகிட்ட மூச்சு உட்றாதீங்க. அவருக்குச் சன்னலோரம், எனக்கு வழியோரம். அதையும் மாத்திப்போடாதீங்க அம்மணி.”

லோகப்பிரியாவுக்கு ஆயாசமாக வந்தது. தனக்கும் வேண்டாம், அடுத்தவருக்கும் கிடைக்கக் கூடாது. ஒரே ஊர், ஒரே தொழில் என்றால் வயிற்றெரிச்சல் இப்படியா விமானம் ஏறி வரும்? முழுக் கட்டணம் கொடுத்துப் போகிற பெரிய மனுஷன் பேசுகிற பேச்சா இது?

“காரணமில்லாம அவரைத் தாண்டி அடுத்தவருக்குக் குடுத்தா என்ற வேலை போயிருங்க சார்.”

தம்பிதுரை திரும்பி வாசலைப் பார்த்தார். தள்ளுவண்டியில் பெட்டியோடு ஒருவர் உள்ளே வந்துகொண்டிருந்தார். “அதா, வந்துட்டாருங்க” என்று தம்பிதுரை சட்டென்று கவுண்டர் ஓரத்தில் இருந்த விளம்பரத் தட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். அறுபது வயது மனுஷனுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

“ரெண்டு பேருக்கும் பகைங்களா?” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.

“பகைதானுங்க. என்ற தங்கச்சியக் கட்டுன மாப்பிள்ளை. ஒண்ணா நடத்துன கம்பெனியப் பிரிச்சப்ப நான் நாலு பேரு முன்னால சொல்லக்கூடாத வார்த்தையச் சொல்லிப்போட்டேன். எட்டு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசறதில்லீங்க.”

“அப்புறம் எதுக்குங்க ஏழு மணி நேரம் அவர் பக்கத்துலயே ஒக்காரோணும்? யாராவது ஒருத்தர் முதல் வகுப்புக்குப் போனா ரெண்டு பேருக்கும் நிம்மதிதானுங்களே?”

தம்பிதுரை கையிலிருந்த பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்பவும் களைத்த முகம்.

“அடுத்த மாசம் தங்கச்சி புள்ளை ஹர்ஷிணிக்குக் கல்யாணமுங்க. தாய்மாமன் எனக்குப் பத்திரிகையே வெக்கல. நான் அவங்க ஊட்டுக்குப் போனா மாப்பிள்ளை பின்வாசல் வழியாத் தோட்டத்துக்குப் போயர்றாரு. விசேசத்துல பந்தியில பக்கத்துல போயி ஒக்காந்தா, பாதிச் சோத்துல எலைய மடிச்சுப்போட்டு எந்திரிச்சர்றாரு.”

தள்ளுவண்டிச் சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. தம்பிதுரை கவுண்டர் மேல் இரண்டு கையையும் கூப்பி வைத்தார்.

“வானத்துல எங்கீங்க எந்திரிச்சுப் போவாரு?”