இடக்கைத் தையல்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பை ஒட்டிய, ஆவாரம்பட்டை வாடை வீசும் வீட்டு வாசலை, புதைத்து வைத்த செய்வினையைத் தேடிக் குறிகாரர் தோண்டுகிறார். மாசியிலிருந்து கால் விழுந்து கிடக்கும் முனிரத்தினம் கட்டிலிலிருந்து எக்கிப் பார்க்கிறான். "வாசலைப் பேத்தா கால் வந்துடுமா? எல்லாம் பித்தலாட்டம்!" என்று அவன் மனைவி கண்ணியம்மாள் சிரிக்கிறாள். கடப்பாறை நிற்கிறது. ஈர மண்ணோடு ஓர் ஆட்டுத்தோல் பொம்மை வெளியே வருகிறது. அதன் இரண்டு கால்களும் ஒன்றாகச் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கின்றன. "இப்ப இன்னா சொல்றம்மா?" என்கிறார் குறிகாரர். வெயிலில் தையல் துலக்கமாகத் தெரிகிறது. ஊரில் யாரும் போடாத, எதிர்ப்பக்கம் சாய்ந்த தையல். முனிரத்தினத்தின் கை தன்னையறியாமல் இடுப்பு வெற்றிலைப்பையைத் தடவுகிறது. கல்யாணமான புதிதில் கண்ணியம்மாள் தைத்துக் கொடுத்த பை. அதே தையல். அவன் நிமிர்கிறான். அவளிடம் சிரிப்பு இல்லை. அவளுடைய இடக்கை மெல்ல முந்தானைக்குள் போகிறது.