எள்ளுப் பால்

"எள்ளு மட்டும் வேணாம் புள்ள. வேற என்னத்த அரைச்சுக் குடுத்தாலும் குடிக்கிறேன்," என்றார் செல்லசாமி, கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு.

மருமகள் பிரேமினி பிளெண்டரைக் கழுவிக்கொண்டே சிரித்தாள். இதுவரை எதைத்தான் அவர் முகம் சுளிக்காமல் குடித்தார்?

அவருக்கு மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாது. ஒரு மடக்குக் குடித்தாலும் வயிறு ஊதிவிடும். மணிக்கட்டு முறிந்து ஒரு மாதமாகியும் எலும்பு சரியாகக் கூடவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் கூடாவிட்டால் கையைக் கிழித்துக் கம்பி வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எழுபது வயது உடம்பு அதைத் தாங்குமா என்று பிரேமினிக்குப் பயம். கிளினிக்கில் நர்ஸ் சுலக்ஷனாதான், விதைகளை ஊறவைத்து அரைத்துப் பால் எடுக்கும் வழியைச் சொல்லிக்கொடுத்தாள்.

முதலில் கச்சான் கடலை. முதல் நாளே ஊறப்போட்டு, தோல் நீக்கி, அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்து, துளி உப்பும் கருப்பட்டியும் சேர்த்து இளஞ்சூட்டில் கொடுத்தாள். கச்சான் கழுவின தண்ணி என்றார். அடுத்தது பூசணி விதை. பச்சையாக வந்த பாலைப் பார்த்து, கதவுக்கு அடிக்க வாங்கியதா என்று கேட்டார். பிழிந்த சக்கையைத் தின்ற கோழிகள் மட்டும் நன்றாகக் கொழுத்தன.

"எள்ளுதான் எலும்புக்கு ரொம்ப நல்லதாம் மாமா. எள்ளுருண்டைய மட்டும் கேட்டு வாங்கித் திங்கிறீங்க?"

"உருண்டை வேற. எள்ளையும் தண்ணியையும் ஒண்ணாச் சேத்து இந்த வீட்டுக்குள்ள கொண்டாராத." அவர் குரல் சட்டென்று இறுகிவிட்டது.

எள்ளும் தண்ணீரும் எதற்காகச் சேரும் என்று யாருக்குத்தான் தெரியாது? மாமியார் காளியாயியின் வருஷத் திதியைக்கூட அவர் கோயிலோடு முடித்துவிட்டுத்தான் வருவார். வயதானால் சாவுக்குப் பயம் வந்துவிடுகிறது என்று பிரேமினி நினைத்துக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு வந்தது. இந்தக் குளிரில், மாதத்துக்கு ஒரு தடவை விடியற்காலையில் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஆற்றில் போய் முங்கினால்தான் உடம்புக்கு நல்லது என்று அடம்பிடிக்கும் மனுஷன். அப்படி முங்கப் போய், பாசியில் வழுக்கி விழுந்துதானே கையை முறித்துக்கொண்டார்.

அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அவள் கணவன் சுமன், கல்யாணமான ஆறாம் மாதம், ஆஸ்திரேலியாவுக்குப் போகிறேன் என்று மீன்பிடிப் படகில் ஏறியவன். எட்டு வருஷமாகிறது. ஒரு போன் இல்லை. கந்தப்பளையிலிருந்து அவள் அண்ணன் இரண்டு தடவை வந்து, வேறு கல்யாணத்தைப் பற்றிப் பேசிப் பார்த்தான். அவள் மறுத்துவிட்டாள். சுமன் வருவான் என்று சொல்ல மாமனார் இருக்கும்போது அவளுக்கு என்ன சந்தேகம்? சுமனுக்குத் தெரிந்த அவளுடைய பழைய நம்பர் செத்துவிடாமல் அவரே தவறாமல் ரீலோட் போடுவார். கொழுந்தெடுத்துக் களைத்து வருகிறவளிடம், "இந்த வருஷம் எப்பிடியும் பேசிருவான் புள்ள" என்பார். அவளும் கலைந்த பொட்டைச் சரிசெய்துகொண்டு அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயா டவுனுக்குப் போனாள். வெள்ளை எள்ளாக வாங்கி அரைத்து, கச்சான் பால் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது அவள் திட்டம். கை கூடிய பிறகு திட்டினால் திட்டட்டும்.

கடைக்கார ரிஸ்வி, எள்ளு என்று அவள் வாய் திறந்ததுமே ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். கறுப்பு எள்ளு.

"நாளைக்கு அமாவாசை. மாமாவுக்குக் கை ஏலாதே, நீங்கதான் வருவீங்கன்னு கட்டி வெச்சேன் தங்கச்சி."

பிரேமினிக்கு விளங்கவில்லை. "நான் பால் எடுக்கத்தான் கேட்டேன், ரிஸ்வி நானா. அவருக்கு எதுக்கு எள்ளு?"

"மாசா மாசம் மகனுக்குத்தானே வாங்குறார்? நாலு வருஷமா, அந்தப் படகுல இருந்து தப்பின ஆள் வந்து சொல்லிட்டுப் போனதுல இருந்து..." அவள் முகத்தைப் பார்த்ததும் ரிஸ்வி பாதியில் நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. நாலு வருஷம். பிறகு அந்த ஆறும் குளிரும் பாசியும் நினைவுக்கு வந்தன. மகனுக்கு எள்ளும் தண்ணீரும் விட்ட கையோடு வீட்டுக்கு வந்து, அவள் பொட்டைப் பார்த்து, பேசிருவான் என்று சொல்லியிருக்கிறார் அந்தக் கிழவர். தோட்டம் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் பாதி எள்ளை ஊறப்போட்டாள். சாயந்தரம் அரைத்துப் பிழிந்து, சூடாக்கி, டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

வாசனையிலேயே கண்டுபிடித்துவிட்ட செல்லசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் மீதி எள்ளுப் பொட்டலத்தை எடுத்து, அவருடைய இடது கையில் வைத்து மூடினாள்.

"குடிங்க மாமா, கை கூடணும். நாளைக்கு நீங்க எள்ளைப் பிடிங்க, தண்ணிய நான் ஊத்துறேன்."