இருமாத குரல்

கடலடிச் சுரங்கக் கப்பலில் இருந்து சவரிமுத்து தினமும் கம்பெனி போனில் கூப்பிடுவான். குறையையும் இருமலையும் வடிகட்டிவிட்டு, சிரித்த குரலாகத்தான் கம்பெனி வீட்டுக்கு அனுப்பும். நிஜக்குரல் வேண்டுமென்றால் அவன் மனைவி கித்தேரிக்கு ஹாம் ரேடியோதான். கப்பலில் அவன் திருட்டுத்தனமாக ஏரியல் கம்பி கட்டுவான். இங்கே அவள் முருங்கை மரத்தில் கட்டுவாள். "நெஞ்சு எரியுதுடி" என்று இருமி இருமிச் சொல்வான்.

மூன்று நாளாக ரேடியோவில் அவன் இல்லை.

"ஒப்பந்தம் முடியுறவரைக்கும் செத்தவன் குரலையும் கம்பெனி போன்ல பேச வைக்கும்டி" என்றாள் பக்கத்து வீட்டு ரோசம்மா.

"வாயைக் கழுவுடி. மழையில கம்பி தொய்ஞ்சு ரேடியோவோட மேட்ச் ஆகாமக் கெட்டிருக்கும்."

கம்பியை இழுத்துக் கட்டி, ரேடியோப் பெட்டிக் குமிழை மெல்ல மெல்லத் திருப்பினாள். மீட்டர் முள் அடியில் இறங்கி நின்றது. மேட்ச் சரியாகத்தான் இருந்தது. கொழும்பிலிருந்துகூட யாரோ ஒருவர் பதில் சொன்னார். சவரிமுத்து வரவில்லை.

போன் அடித்தது.

"கித்தேரி, சாப்பிட்டியாடி? நான் சூப்பரா இருக்கேன்."

"ஏங்க, ஒரே ஒரு தடவை இருமுங்களேன்."

"எனக்கு ஏதுடி இருமல்?" என்று சிரித்தது குரல்.

கித்தேரி முருங்கையிலிருந்து கம்பியை அவிழ்த்தாள். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.