வலது கால் ஷூ

"அண்ணி, என் வலது கால் ஷூ எங்கே?"

காலை ஐந்தரை மணி. இடது காலில் ஷூவும் வலது காலில் வெறும் சாக்ஸுமாகக் கூடத்தில் நொண்டிக்கொண்டு நின்றாள், வீட்டில் எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்று அழைக்கும் கல்லூரிப் பெண். அடுத்த மாதம் அவளுக்குக் கல்லூரி அணிக்கான தேர்வு ஓட்டம்.

தையல் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்த அண்ணி தலை நிமிரவில்லை.

"தெரியாது."

"ப்ளீஸ் அண்ணி! இன்னிக்கு ஒரு நாள் மட்டும்!"

"தெரியாதுன்னா தெரியாது."

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"இன்னிக்கு வியாழனா? அதான். ரெண்டு மாசமா நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். செவ்வாய், வியாழன், சனின்னா ஒரு ஷூ மட்டும் காணாமப் போகுது. மறுநாள் தானா வந்துடுது. ஷூவுக்கென்ன, வார விடுமுறையா?"

அண்ணி நூலின் நுனியை நாக்கில் நனைத்தாள்.

"இவ ஓடிப் பேர் வாங்கினா உனக்கு ஏன் வயிறு எரியுது?"

"எரியலை அத்தை."

"டேய்! உன் பொண்டாட்டியை ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

பல் துலக்கிக்கொண்டிருந்த அண்ணன் வாய் நிறைய நுரையோடு எட்டிப் பார்த்தான். "நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றான். யார் பக்கத்து நியாயம் என்பதைச் சொல்லாமலே குளியலறைக்குத் திரும்பிவிட்டான்.

அம்மா நேரே போய்த் தையல் அலமாரியைத் திறந்தாள். வெட்டி வைத்திருந்த சட்டைத் துணிகளைப் புரட்டினாள். அடியில் இருந்தது ஷூ.

"கையும் களவுமா மாட்டினே! திருடியை வீட்டுக்குள்ளேயே வச்சுக்கிட்டுக் கட்டிலுக்கடியில தேடினேன் பாரு, என்னைச் சொல்லணும். டேய், இனிமே ஒரே வீட்டுல சரிப்படாது. நீங்க ரெண்டு பேரும் வேற வீடு பார்த்துக்குங்க!"

அண்ணியின் கண் கலங்கியது. மறுபடியும் ஊசியில் நூல் கோக்கக் குனிந்தாள்.

"இந்தாடி, போட்டுக்கிட்டு ஓடு."

எக்ஸ்பிரஸ் ஷூவை வாங்கினாள், போட்டுக்கொள்ளவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணியைத் திட்டாதேம்மா. ஒளிச்சு வைக்கச் சொன்னதே நான்தான்."

"என்னடி உளர்றே?"

"நாலு மாசம் எனக்கு பீரியட்ஸே வரலை. நாப்கின் பாக்கெட்டெல்லாம் பிரிக்காமலே கிடக்கறதை அண்ணிதான் கவனிச்சாங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துட்டு, 'ஏழு நாளும் ஓடுறே, அரை வயிறு சாப்பிடுறே, உடம்பு எங்கேருந்து தாங்கும்? இப்படியே விட்டா எலும்பும் பலவீனமாயிடும். வயிறு நிறையச் சாப்பிடு, வாரத்துல மூணு நாள் ஓடாதே'ன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"சொன்னா ஓடாம இருக்கிறதுதானே?"

"ராத்திரி சரின்னுதான் தோணுது. விடிஞ்சா கால் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அதான், 'நான் எவ்வளவு கெஞ்சினாலும் குடுக்காதீங்க, யார்கிட்டேயும் சொல்லாதீங்க'ன்னு அண்ணிகிட்ட சத்தியம் வாங்கினேன். நீ திட்டும்போதெல்லாம் நான் சும்மா இருந்தது தப்புதான்."

"பெத்தவ எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா ஓட்டத்தையே நிறுத்தியிருப்பே."

அம்மா சற்று யோசித்தாள்.

"நிறுத்தியிருப்பேன்தான்," என்று ஒப்புக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்போ எப்படி இருக்கு?" என்றாள்.

"போன வாரம் வந்துடுச்சு. ஓடுற நேரத்துலயும் ரெண்டு செகண்டு குறைஞ்சிருக்கு!"

குளியலறையில் குழாய் திடீரென்று பலமாகத் திறந்துகொண்டது. அண்ணன் இன்னும் பல் துலக்கி முடிக்கவில்லை.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். மகளின் கையிலிருந்த ஷூவைப் பிடுங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மருமகளின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு ஒழுங்கா ஒளிக்கவும் தெரியலை. நீ தையலைப் பாரும்மா. செவ்வாய், வியாழன், சனிக்கு இனிமே இந்த வீட்டுத் திருடி நான்தான்."