கஞ்சாங்கோரை

விக்கிரமங்கலம் பஸ் நிறுத்தத்தில் அம்பிகாவின் இரண்டு சாக்கு மூட்டைகளுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஏட்டு ராசாங்கம் இறங்கினார்.

"என்னம்மா இது?"

"கஞ்சாங்கோரைங்க சார்."

"கஞ்சாவா?"

"ஐயோ, இல்லிங்க சார். கஞ்சாங்கோரை. நாய்த்துளசின்னும் சொல்லுவாங்க. வரப்புல தானா முளைக்கிறது. அரியலூர் நாட்டு மருந்துக் கடைக்குக் கொண்டுட்டுப் போறேன்."

ராசாங்கம் ஒரு மூட்டையைப் பிரித்தார். அன்று காலை அறுத்தது. வெள்ளைப் பூங்கதிர்கள் வாடக்கூட இல்லை. துளசி மணம் குப்பென்று வந்தது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்ததைப் பிரித்தார். பூவும் விதையுமாக நொறுங்கிய சருகு. ஒரு பிடி அள்ளி முகர்ந்தார்.

"இதுல ஏன் வாசமே இல்ல?"

"நல்லா காஞ்சா வாசம் இருக்காதுங்க சார்."

"பாத்தியா, மறுபடியும் கஞ்சாங்கிற."

டீக்கடை பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. கடைக்கார மரிய ஆல்பர்ட் குரல் கொடுத்தார்: "ஏட்டய்யா, எங்க வூட்டுல புதினா இருக்கு. அதையும் புடிச்சிட்டுப் போங்க."

அம்பிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை அவள் அங்கன்வாடி உதவியாளராக வேலையில் சேர வேண்டும். கஞ்சா கேஸ் என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த வேலை போய்விடும்.

"சார், இப்பதான் வேல கெடச்சிருக்கு. கேஸு கீஸுன்னு எழுதிடாதீங்க. வேணும்னா ஒரு எலைய மென்னு பாருங்க."

ராசாங்கம் இன்னொரு பிடி அள்ளிக் கசக்கினார். அவர் விரல்களுக்கிடையே சருகு உதிர்ந்துகொண்டிருந்தது.

"சரி, கேஸு வேணாம். உன் பேரைக்கூட எழுதல. காஞ்ச மூட்டைய மட்டும் சோதனைக்கு எடுத்துட்டுப் போறேன்."

"பச்சை மூட்டைங்க?"

"அது எனக்கு எதுக்கு?"

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். மூட்டையை வண்டியில் வைத்துக் கட்டவும் உதவினாள்.

வண்டி வளைவில் மறைந்ததும் ஆல்பர்ட் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "துளசிக்கும் கஞ்சாவுக்கும் வித்தியாசம் தெரியாத மனுசன், எப்படித்தான் போலீஸ்ல இருக்காரோ."

காவல் நிலையத்தின் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மறுநாள் நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய கஞ்சா சாக்கில் ராசாங்கம் அந்தச் சருகைக் கொட்டி நிரப்பினார்.

வித்தியாசம் அவருக்கு நன்றாகவே தெரியும். அந்தச் சாக்கில் முன்பு இருந்ததை விற்றுத் தீர்த்தவரே அவர்தான்.