மூன்று மாதச் சர்க்கரை

“வெறும் வயித்துல எடுக்கது மட்டும் போதும்மா. அந்த மூணு மாச டெஸ்ட் எல்லாம் என்னத்துக்கு?” என்று கையை நீட்டிக்கொண்டே கேட்டார் சிவனணைந்தபெருமாள்.

“அதையும் எடும்மா,” என்றாள் பக்கத்தில் நின்ற அவர் மனைவி பார்வதியம்மாள்.

தென்காசியில் பத்து வருஷமாக லேப் வைத்திருக்கும் ஷெர்லினுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

“நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க, அண்ணாச்சி?”

“ரெண்டு வெள்ளரிக்கா.”

அதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டாள். முந்தின நாள் வயிற்றைக் காயப்போட்டால் வெறும் வயிற்றுச் சர்க்கரையை இறக்கிக் காட்டிவிடலாம். மூன்று மாதச் சராசரியிடம் அந்தப் பாச்சா பலிக்காது. அக்கா ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்திருக்கிறாள்.

விஷயம் விளையாட்டும் இல்லை. அண்ணாச்சிக்கு இரண்டு கண்ணிலும் புரை. சுரண்டையில் இருக்கும் அவர் ஹார்டுவேர் கடையில் அரை இஞ்சு குழாய் கேட்டால் முக்கால் இஞ்சை எடுத்துக் கொடுக்கிறார். சர்க்கரை இறங்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்று கண் டாக்டர் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். போன தடவை சராசரி பத்தரை. ஏழுக்குக் கீழே வந்தால்தான் ஆபரேஷன்.

“மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதீங்களா?”

“மாத்திரையா? அதைத் தொட்டு மூணு மாசம் ஆச்சு. கிட்னியைத் தின்னுரும்லா! குத்தாலத்துல ஒரு கடையில பொடி வாங்கினேன். காலையும் ராத்திரியும் சுடுதண்ணியில ஒரு கரண்டி. சுத்த மூலிகை, பாத்துக்கோம்மா!”

ஷெர்லின் திரும்பிப் பார்த்தாள். பார்வதியம்மாள் முகத்தில் ஈயாடவில்லை.

ஒரு மணி நேரத்தில் ரிசல்ட் வந்தது. ஷெர்லின் நம்பாமல் இன்னொரு தடவை மெஷினில் ஓட்டினாள். ரத்தம் குறைந்த உடம்பாக இருந்தாலும் சில சமயம் இந்த எண் இறங்கிக் காட்டும் என்று ஹீமோகுளோபினையும் பார்த்தாள். பதினாலு. ஒரு குறையும் இல்லை.

“அண்ணாச்சி, ஆறு புள்ளி எட்டு! ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிரலாம்.”

“பாத்தியாட்டி! அன்னைக்கு அந்தப் பொடிக்கு என்னை என்ன பேச்சுப் பேசுன! எனக்கே உள்ளுக்குள்ள பயந்தான், ஆனா பொடி ஏமாத்தல பாரு!”

பார்வதியம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மனுஷனை நம்பாமல் போய்விட்டோமே என்று அழுகிறாள் போல, பாவம். ஷெர்லினுக்கும் மனசு இளகிவிட்டது. அண்ணாச்சியை நக்கலாக நினைத்ததற்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

“எங்க அப்பாவுக்கும் சர்க்கரைதான். அந்தக் கடை எங்கன இருக்கு, அண்ணாச்சி?”

“நீ ஏம்மா அலையணும்? நானே வாங்கிட்டு வந்து தாரேன்!” நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆட்டோ கூப்பிட வாசலுக்குப் போனார்.

அவர் படி இறங்கியதும் பார்வதியம்மாள் ஷெர்லினின் கையைப் பிடித்தாள்.

“ஏம்மா, அந்தப் பொடியை நம்பி உங்க அப்பா மாத்திரையை நிறுத்திரப் போறாரு,” என்றாள் குரலைத் தாழ்த்தி. “இவுகளுக்கு வேளாவேளைக்குக் கலக்கிக் கொடுக்கது நான்தான். டாக்டர் எழுதின மாத்திரையை இடிச்சு அதுலதான் போடுதேன். அது கேக்குதா இல்லையான்னு தெரியாமத்தாம்மா மூணு மாச டெஸ்டே எடுக்கச் சொன்னேன்!”